ஞாயிற்றுக்கிழமை ஊசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி உன் அப்பா போனில் அழாத குறையாகச் சொன்னான்: "அக்கா, பிள்ளைக்குக் கேன்சர் மருந்து எழுதியிருக்காங்க." மெடிக்கல் ஷாப்பில் யாரோ அப்படிச் சொல்லிவிட்டார்களாம். உன் அம்மா சாமி அறையில் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லையாம்.

சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கும் அதைக் கொடுப்பார்கள், பொய்யில்லை. ஆனால் அங்கே சிலருக்குக் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். உனக்கு எழுதியிருப்பது வாரத்துக்கு 15 மில்லிகிராம். உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி திசை தெரியாமல் உன் மூட்டுகளையே தாக்குகிறது, அதை அடக்கி வைக்கத்தான் இந்த அளவு. முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் கையில் எடுக்கும் மருந்து இதுதான். அம்மாவிடம் இதைச் சொல்லி முதலில் சாப்பிட வை.

இந்த மருந்தின் பூர்வீகத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்தவர். அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இருந்தவர்கள்தான் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தார்கள். பிறகு அதைப் போலவே தோற்றம் காட்டி அதன் வேலையைக் கெடுக்கிற போலிகளையும் செய்தார்கள். மெத்தோட்ரெக்சேட் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 1948-ல் அவர் இறந்துவிட்டார். சரியாக 40 வருஷம் கழித்து, 1988-ல், அமெரிக்க அரசு இதை முடக்குவாதத்துக்கு அனுமதித்தது. உன் சீட்டில் ஊசிக்குக் கீழே ஃபோலிக் அமில மாத்திரையும் இருக்கிறது, பார்த்தாயா? போலியையும் அசலையும் ஒரே சீட்டில் எழுதியிருக்கிறார்கள். ஒன்று செய்யும் சேதத்தை மற்றது குறைக்கும். ஆனால் அசல் போலியின் வேலையையே கெடுத்துவிடக் கூடாதே, அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் போடாதே என்று டாக்டர் நாள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. முப்பது வருஷம் மருந்துக் கவுண்டரில் நின்றவள் சொல்கிறேன். இந்த மருந்து ஆளைக் கொன்றதாக நான் கேள்விப்பட்ட இடத்திலெல்லாம் காரணம் ஒன்றேதான்: வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டுவிட்டார்கள். ஒருமுறை ஒரு பெரியவரை மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். வாய் முழுக்கப் புண். கஞ்சி இறங்கவில்லை. சீட்டில் இருந்த சுருக்கெழுத்தை எந்தக் கடையிலோ 'ஓ.டி.', அதாவது தினம் ஒருமுறை, என்று படித்து, காலையில் ஒன்று என்று கவரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது நாள் விழுங்கியிருந்தார். பிழைத்தார், ஆனால் மூன்று வாரம் படுக்கை.

ஆகவே உனக்கு ஞாயிறு ராத்திரி ஊசி, புதன் காலை ஃபோலிக் மாத்திரை. நடுவில் எதுவும் இல்லை. ஊசி போட்டதும் தினசரிக் காலண்டரில் அந்த ஞாயிறு தாளைக் கிழித்து, 'போட்டாச்சு' என்று எழுதி நோட்டில் ஒட்டிவிடு. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதே, நோட்டைப் பார். ஞாயிறு மறந்துபோனால் திங்களோ செவ்வாயோ போடலாம். அதற்குப் பிறகு நினைவு வந்தால் விட்டுவிட்டு அடுத்த ஞாயிறுதான். விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகப் போடுவது ஒருநாளும் கூடாது. தப்பித்தவறி அதிகம் போய்விட்டால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. முறிவு மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

அடுத்தது சிரிஞ்சு. தாத்தாவுக்குப் போடுகிற இன்சுலின் சிரிஞ்சு வீட்டில் இருக்கிறதே என்று எடுக்கத் தோன்றும். அதில் சிவப்பு மூடி போட்டதில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஆரஞ்சு மூடியில் 100 யூனிட். உன் மருந்து ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் உள்ளது என்றால், 15 மில்லிகிராமுக்கு 0.6 மில்லி எடுக்க வேண்டும். சிவப்பு மூடியில் அது 24 யூனிட் கோடு, ஆரஞ்சு மூடியில் 60 யூனிட் கோடு. 'இருபத்துநாலு' என்று மனப்பாடம் செய்துகொண்டு, ஒருநாள் கடையில் ஆரஞ்சு மூடி கொடுத்துவிட்டால், உள்ளே போவது 6 மில்லிகிராம்தான். மருந்துக் குப்பியும் ஒரே அடர்த்தியில் வராது. ஆகவே கோட்டை நம்பாதே. ஒவ்வொரு புதுக் குப்பிக்கும் லேபிளைப் படித்துக் கணக்குப் போடு. முதல் இரண்டு தடவை நர்ஸ் முன்னால் போட்டுக் காட்டு. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றிலோ தொடையிலோ, வாரம் ஒரு இடம் மாற்று. போட்ட ஊசியைத் திருகு மூடி டப்பாவில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடு. வாய்க்கால் கரையில் எறிந்தால், நடவுக்கு வருகிறவள் காலில் ஏறும்.

இப்போது ரத்தப் பரிசோதனை. உனக்கு எரிச்சல் தரப்போவது இதுதான், எனக்குத் தெரியும். ஆறேழு வாரம் கழித்து வீக்கம் வடியும், காலையில் விரல் மடங்கும், அப்புறம் எதற்கு மாதாமாதம் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என்று தோன்றும். உன் தாத்தா பேப்பர் வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறார்? மேட்டூர் நீர்மட்டம். 120 அடியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் குறுவையா, சம்பா மட்டும்தானா என்று முடிவு செய்வார். நம் வீட்டு வாய்க்காலில் இன்று தண்ணீர் ஓடுகிறது என்பதை அவர் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. நீயும் அப்படிப் பார். ஈரல் களைத்துப் போவதும், எலும்பு மஜ்ஜை அணுக்கள் செய்வதைக் குறைப்பதும் உடம்புக்குத் தெரியும் முன்னே தாளில் தெரிந்துவிடும். ரத்த அணுக்கள், ஈரல் நொதிகள், கிரியேட்டினின். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அளவு நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஊசி போட்ட மறுநாள் ரத்தம் கொடுக்காதே. ஈரல் நொதி சும்மாவே கொஞ்சம் ஏறியிருக்கும், பார்த்துப் பயந்துபோவாய். வெள்ளியோ சனியோ கொடு. எண்களை வரிசையாக நோட்டில் எழுது. தட்டணுக்கள் 2.6 லட்சம், 2.1, 1.7 என்று இறங்கினால், லேப் தாளில் மூன்றுமே 'நார்மல்' என்றுதான் இருக்கும். இறங்குகிறது என்பதை நோட்டுதான் சொல்லும்.

காய்ச்சல் வந்தால் அந்த வார ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடு. வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல், காரணமில்லாமல் தோலில் கன்றிப்போதல், கண் மஞ்சள் ஆகியவற்றுக்கும் அப்படியே. கடையில் கேட்டு மாத்திரை வாங்காதே. கோட்ரைமாக்சசோல் என்று ஒரு சாதாரண ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, அதையும் இதையும் சேர்த்தால் மஜ்ஜை படுத்துவிடும். அந்தப் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுது. பக்கத்து ஊர் லேகியமும் வேண்டாம், அதில் என்ன இருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது.

நடவுக்கு இறங்குவதை விடு என்று சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. ஆனால் நம் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. ஈர நெல்வயல் மண்ணில் வாழ்கிற மெலியாய்டோசிஸ் கிருமியும் தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கிறது, மழைக்காலத்தில்தான் அது அதிகம் ஆளைப் பிடிக்கும். காலில் வெடிப்போ கீறலோ இருக்கிற அன்று வரப்போடு நில். மற்ற நாளில் பூட்ஸ் போடு. சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கடைசியாக, உன் அம்மா போனில் கிசுகிசுத்த விஷயம். வரன் வீட்டாரிடம் ஊசியைப் பற்றி மூச்சுவிடக் கூடாதாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது கரு உண்டாகக் கூடாது. கரு கலையலாம், ஊனமாகலாம். பிள்ளைக்கு எண்ணம் வந்தால் சில மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும். அதுவரை தடுப்பு வேண்டும். கட்டிக்கொள்கிறவனுக்குத் தெரியாமல் இதை எப்படிச் செய்வாய்? ஒளித்து வைக்கிற ஊசியைத்தான் பெண்கள் முதலில் நிறுத்துகிறார்கள், கவுண்டரில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். பெண் பார்க்க வரும்போது நானே வந்து சொல்கிறேன். அம்மா என் மேல் கோபப்படட்டும்.

மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்காதே, வெயில் படாத அலமாரியில் வை. புதன் காலை எட்டு மணிக்குப் போன் பண்ணுவேன். மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்பேன், வேறு எதுவும் பேச மாட்டேன் என்று சொல்ல முடியாது.

உன் அத்தை
கும்பகோணம்