கானாவுக்குப் போகும் முன் ஓர் ஊசி

பேத்தமங்களா ஏரியில் பாலாற்றுத் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தங்கச் சுரங்கம் இருந்தது. வேலை இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போகிறார்கள். சிலர் கடல் கடந்தும் போகிறார்கள்.

ஏரிக்கு அருகே ஒரு வீடு. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். மகன் வெல்டர். அவனுக்கு கானா நாட்டில் வேலை கிடைத்தது. கானா ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கேயும் தங்கச் சுரங்கம்தான்!

பயணத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஏஜென்ட் போன் செய்தார்.

"மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை வேண்டும். நீ அலைய வேண்டாம். பணம் கொடு, அட்டையை மட்டும் வாங்கித் தருகிறேன்."

மகன் சரி என்றான். அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"ஹெல்மெட் போடாமல் சுரங்கத்தில் இறங்கிவிட்டு, போட்டதாகச் சீட்டு வாங்கினால் தலை தப்புமா?"

"மஞ்சள் காமாலைதானே? கீழாநெல்லி அரைத்துத் தந்தால் போச்சு" என்றாள் அம்மா.

மூவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் சிரித்தார்.

"அம்மா, காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. இது ஒரு வைரஸ் கிருமி. பகலில் கடிக்கும் கொசு பரப்புகிறது. நோய் முற்றினால் கண் மஞ்சளாகும். ரத்தம் கசியும். அப்படி முற்றியவர்களில் பாதிப்பேர் இறந்துபோகிறார்கள். கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. ஊசிதான் காப்பு."

"இங்கே அந்த நோய் இல்லையே?"

"நோய் இல்லை. ஆனால் கொசு இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். உங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மிலும் வளரும். யாராவது கிருமியோடு வந்தால் இங்கேயும் பரவலாம். அதனால்தான் அந்த நாடுகளிலிருந்து அட்டை இல்லாமல் வருகிறவர்களை இங்கே ஆறு நாள் வரை தனியே வைக்கிறார்கள்."

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். ஆறு நாள் போதாது. டிக்கெட்டை மாற்றினார்கள். அதற்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது.

இந்த ஊசியை எல்லா மருத்துவமனையிலும் போடுவதில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பெங்களூரிலும் மையம் உண்டு. மகன் முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு பெங்களூர் போனான். முட்டை ஒத்துக்கொள்ளுமா, வேறு நோய் உண்டா என்று கேட்ட பிறகே ஊசி போட்டார்கள். முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். 2016 முதல் ஒரு ஊசி அட்டை ஆயுள் முழுவதும் செல்லும்.

மலேரியாவுக்கு இந்த ஊசி உதவாது. கானாவில் மலேரியா அதிகம். அந்தக் கொசு இரவில் கடிக்கும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது.

"ஊர் திரும்பி மாதக்கணக்கில் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்று முதலில் சொல்" என்றார்.

அம்மா கொசுவலையைப் பெட்டியில் மேலாக வைத்தாள்.

அக்ரா விமான நிலையத்தில் அட்டையைக் கேட்டார்கள். மகன் காட்டினான். அன்று இரவு வீட்டுக்குப் போன் செய்தான்.

"போய்ச் சேர்ந்துட்டேம்மா."

"சாப்பிட்டியாடா? வலை கட்டினியா?"

"இதோ கட்டறேம்மா."

"கட்டிட்டுப் பேசு" என்றாள் அம்மா.