உணவுக்கு வழிதிறக்கும் ஸ்ரென்ற்

உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என உணவை நால்வகையாகப் பகுத்தல் தமிழ் மரபு. உணவுக்குழாயிற் புற்றுநோய் கண்டார்க்கு இவை ஒவ்வொன்றாக விலகுகின்றன. முதலில் இறைச்சி, பாண் முதலியன தடைப்படும். பின்னர்க் குழைந்த சோறும் இறங்காது. ஈற்றில் உமிழ்நீரை விழுங்குதலும் அரிதாகும். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள இக்குழாய் விரிந்து கொடுக்கும் இயல்பினது. ஆதலின், உள்வழி பெரிதும் ஒடுங்கிய பின்னரே தடை புலப்படும். அதற்குள் பலர்க்கு நோயை அறுத்தகற்றும் காலம் கடந்துவிடுகின்றது. அத்தகையோர்க்குச் செய்யத்தக்கது யாதென ஈண்டு நோக்குவாம்.

ஒடுங்கிய வழியிற் குழல் பொருத்தும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. 1924இல் இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றி சூற்றர் கம்பிச் சுருளாலான குழலொன்றை விவரித்தார். பின்வந்த பிளாஸ்ரிக் குழல்கள் விறைப்பானவை. அவற்றைச் செலுத்துங்கால் உணவுக்குழாய் கிழியும் அபாயம் இருந்தது. 1990களில் தானே விரியும் உலோக வலைக்குழல் பரவலாயிற்று. இதுவே ஸ்ரென்ற். பல்லின் அச்செடுக்கும் பசையொன்றை ஆக்கிய இலண்டன் பல்வைத்தியர் சாள்ஸ் ஸ்ரென்றின் பெயரே இதற்கு வழங்குகின்றது.

நிக்கலும் தைத்தேனியமும் கலந்த உலோகத்தால் இவ்வலை பின்னப்படுவதுண்டு. அதனைச் சுருக்கி மெல்லிய குழலுள் அடக்கலாம். விடுவித்ததும் முன்னை வடிவுக்கு விரியும். மார்பைக் கீறாது, அகநோக்கியின் துணையோடு வாய்வழியே அதனை உரிய இடத்திற் சேர்ப்பர். புற்று வலைக்கண்களூடே வளராதிருக்க மென்சவ்வு போர்த்தலும் உண்டு. பெரும்பாலார்க்குச் சில நாட்களுள் பருகுவனவும், அடுத்து மென்மையான உணவும் இறங்குகின்றன.

எனினும் ஸ்ரென்ற் நோயை நீக்குவதன்று. விழுங்கும் இடரைத் தணிப்பதே அதன் பயன். நெஞ்சுநோவு உண்டாகலாம், குழல் இடம்பெயரலாம், உணவு சிக்கலாம். ஆதலின் நிமிர்ந்திருந்து, நன்கு மென்று, சிறிது சிறிதாக உண்டு, இடையிடையே நீர் அருந்தல் வேண்டும். குழல் இரைப்பைவாயிற் பொருந்தியதாயின் தலையை உயர்த்தித் துயிலல் நன்று. உள்ளிருந்து கதிர்வீச்சுச் செலுத்தும் முறையில் ஆறுதல் தாமதித்து வரினும் நெடிது நிற்கும்; ஆயுள் குறுகியோர்க்கு விரைவே பெரிது. எது ஏற்றதென வைத்தியர் தெரிவர்.

புகையிலை, மது, வெற்றிலை பாக்கு என்பன இந்நோயின் காரணங்களுட் சிலவென்பதை மாணாக்கர் அறிதல் வேண்டும். விழுங்கத் தடையுணர்வோர் உணவை மாற்றிக்கொண்டு நாள் கடத்தாது வைத்தியரை நாடல் வேண்டும். மாற்ற இயலாத நோயிலும் ஒரு கவளத்தை அச்சமின்றி விழுங்கச் செய்தல் மருத்துவத்தின் கடனேயாம்.