அறையைக் குளிர்விக்கும் யந்திரம்

சித்திரை, வைகாசி மாதங்களில் வெயிலின் கொடுமைக்கு ஆற்றாது நிழலையும் நீரையும் நாடாதார் யாவர்? நம் முன்னோர் முற்றத்தில் நீர் தெளித்தும், வாயிலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்தும் வெப்பந் தணித்தனர். செல்வர் சிலர் பனிக்கட்டியை விலை கொடுத்து வாங்கினர். அமெரிக்க நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளிற் பொதிந்து, கப்பலேற்றிச் சென்னைக்குக் கொணர்ந்தனர். அதனைச் சேமித்து வைக்க 1842-ஆம் ஆண்டில் எழுப்பிய கட்டடம் கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கின்றது. அது விவேகானந்தர் இல்லம் ஆகிய பின்னரும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் பழம்பெயர் அவ்வட்டாரத்தை விட்டு நீங்கவில்லை.

இன்றோ, சுவரில் மாட்டிய ஒரு பெட்டி, பொத்தானை அழுத்திய அளவிலே அக்குளிர்ச்சியை நல்குகின்றது. ஏ.ஸி. என்று யாவரும் வழங்கும் இக்கருவி இல்லந்தோறும் பெருகி வருகின்றது. எனினும் அதன் இயல்பறிந்து ஆள்வோர் சிலரே. இவ்வறியாமையால் விளைவது பொருட்கேடு மாத்திரமன்று, உயிர்க்கேடுமாம். ஆதலின் அதன் இயல்பையும், அதனைக் காக்கும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. இவ்யந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகின்றது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகுங்கால் பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றதன்றோ? அவ்வாறே, அறையினுள் இருக்கும் குழாய்ச் சுருளில் எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் கொதித்து ஆவியாகி, அறைக்காற்றின் வெப்பத்தை உட்கொள்கின்றது. கம்ப்ரஸர் என்னும் அழுத்துங்கருவி அவ்வாவியை நெருக்கி வெளிப்புறச் சுருளுக்குச் செலுத்துகின்றது. ஆங்கு அது வெப்பத்தைக் கக்கி மீண்டும் திரவமாகின்றது. பின்னர் ஒரு குறுகிய வழியாக அழுத்தங் குறைந்து உட்சுருளை அடைகின்றது. இங்ஙனம் ஒரே பொருள் ஓயாது சுழல்கின்றது.

குளிர்ந்த சுருளின்மேற் படும் காற்றிலுள்ள ஈரம் நீராகித் துளிக்கின்றது. உண்மையில் இக்கருவி முதன்முதல் தோன்றியது ஈரத்தைக் கட்டுப்படுத்தவேயாம். 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்துஞ் சுருங்கியும் வர்ணங்கள் இடம் பிசகின. அக்குறை தீர்க்க வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியாளர் வகுத்த முறையே இதற்கு வித்து.

யந்திரத்தின் ஆற்றலை ‘டன்’ என்று அளக்கின்றோமே, அது யாது? 2,000 ராத்தல் பனிக்கட்டி ஒரு நாளில் உருகுங்கால் எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ, அவ்வளவே ஒரு டன். பழைய பனிக்கட்டி வாணிகம் மறைந்தும் அதன் அளவை மறையவில்லை!

இனி, பாதுகாப்பைக் காண்போம். முதலாவது மின்சாரம். ஒன்றரை டன் யந்திரம் ஏறத்தாழ 1,500 வாட் மின்சாரத்தை, அஃதாவது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்பியரை, மணிக்கணக்கில் உறிஞ்சும். இதற்குத் தனிக் கம்பியும், தனிப் பாதுகாப்பு விசையும், தக்க நிலக்கம்பி இணைப்பும் இன்றியமையாதன. விளக்குக்கும் விசிறிக்கும் அமைந்த மெல்லிய கம்பியில் இதனைப் பூட்டலாகாது. பிளக்கு தளர்ந்து, அவ்விடத்தில் அரை ஓம் தடை நேரினும், 7 ஆம்பியர் பாயுங்கால் ஏறத்தாழ 25 வாட் வெப்பம் அங்கே பிறக்கும். ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலின் வெப்பம் பெரும்பாலும் அவ்வளவே. ஈயத்தை உருக்கும் வெப்பம் பிளக்கின் உறையை வாளா விடுமோ?

என் உறவினர் இல்லத்தில் ஓர் இரவு இதுவே நிகழ்ந்தது. சில நாளாகக் கருகல் நாற்றம் வீசியும், எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. நள்ளிரவில் பிளக்கு உருகித் திரைச்சீலையிற் பொறி விழுந்தது. அவ்வறையில் தனியே துயின்ற மூதாட்டியார் இருமி விழித்ததனால் உயிர் தப்பினார். பிளக்கு சுடுவதும், நிறம் மாறுவதும், கருகல் நாற்றமும் யந்திரம் நமக்கு விடுக்கும் எச்சரிக்கைகள். அவற்றைக் கண்ட அக்கணமே மின்சாரத்தை நிறுத்துக. தீப்பற்றினால் நீர் ஊற்றற்க; மூலவிசையை அணைத்து, அறையை விட்டு வெளியேறி, தீயணைப்புப் படையினரை அழைக்க.

இரண்டாவது காற்று. சுவரிற் பூட்டப்படும் பிளவு வகை யந்திரம் பெரும்பாலும் வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. அறைக்காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கின்றது. பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள அறையை முற்றும் அடைத்து இருவர் எட்டு மணி நேரம் துயின்றால், வெளிக்காற்றில் 0.04 சதவீதமே உள்ள கரியமிலவாயு, அங்கே ஏறத்தாழ அரை சதவீதமாகும். கதவிடுக்குகளால் சிறிது காற்று நுழைவதால் நடைமுறையில் அவ்வளவு மிகாது. ஆயினும் காலையில் தலைவலியும் சோர்வும் தோன்றுதற்கு இது போதும். ஆதலின் உறங்கும் முன்னும் விழித்த பின்னும் சாளரங்களைத் திறந்து வைத்தல் நலம். அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டுதலும், மின்வெட்டின்போது ஜெனரேட்டரைச் சாளரத்தருகே ஓட்டுதலும் ஒருகாலும் கூடா. அவற்றினின்று எழும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாதது. துயில்வோரை விழியாமலே கொல்லவல்லது.

மூன்றாவது, குழாய்களிற் சுழலும் வாயு. அது எண்ணெயைப்போல் எரிந்து தீர்வதன்று. ‘ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும்’ என்பது பொருந்தாக் கூற்று. வாயு குறைந்ததாயின் எங்கோ கசிவுண்டு. அதனை அடைக்காது நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். இக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 சிறிதளவு தீப்பற்றும் இயல்பினது. ஆர்-290 என்பது எளிதில் எரியும் புரொப்பேனே. கசிவு ஐயமுற்றால் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது பேதைமை. கசிவைச் சோதிக்கக் குழாயிற் செலுத்தத்தக்கது உலர்ந்த நைட்ரஜனே. பிராணவாயுவைச் செலுத்தினால், அது கம்ப்ரஸரின் எண்ணெயோடு கூடி வெடித்து அருகிருப்போரைக் கொல்லும்.

நான்காவது தூய்மை. காற்றை வடிக்கும் சல்லடையை இரண்டு வாரத்திற்கொருமுறை கழற்றி, நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுக. தூசி அடைந்தால் காற்றோட்டம் குன்றிச் சுருளில் பனி படியும், மின்செலவும் ஏறும். நீர் வடியும் குழாய் அடைபடாது காக்க. வெளிப்புறப் பெட்டியைச் சூழத் துணியோ தட்டுமுட்டுப் பொருளோ வைத்தலாகாது. கோடைக்கு முன் ஆண்டுக்கொருமுறை பயின்ற தொழிலாளரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். பெட்டியின் உட்புறத்தை நாமே திறத்தல் தகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதிலுள்ள கபாஸிடரில் மின்னேற்றம் எஞ்சி நின்று தாக்கும்.

ஐந்தாவது அளவறிதல். 16 டிகிரிக்குத் திருப்பினால் அறை விரைவிற் குளிரும் என்பர் பலர். ஒரே வேகத்தில் ஓடும் யந்திரத்திற்கு அது பொருந்தாது. 24-ஐ அடையும் விரைவு இரண்டிற்கும் ஒன்றே. நம் நாட்டில் 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறி பெற்ற அறை யந்திரங்கள் 24 டிகிரியைத் தொடக்க நிலையாகக் கொண்டு அமைதல் வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிஞ்சும் என்பர். மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் உடலுக்கு அதுவே போதிய இதமாம்.

இறுதியாக, இரண்டு மனிதரை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒருவர், மூன்றாம் மாடியின் வெளிச்சுவரில் தொங்கும் பெட்டியைப் பழுதுபார்க்கும் தொழிலாளர். இடுப்பில் பாதுகாப்புக் கச்சையின்றி அவரை விளிம்பில் ஏற்றுதல் நம் குளிர்ச்சிக்காக அவர் உயிரைப் பணயம் வைப்பதாகும். கச்சை உளதோ என வினவுதலும், இன்றேல் வேலையை ஒத்திவைத்தலும் வீட்டுடையார் கடன். மற்றொருவர், நம் சாளரத்தின் கீழே தெருவில் நடந்து செல்வோர். நாம் அறையினின்று தள்ளிய வெப்பம் அழிந்து போகவில்லை. யந்திரத்தின் வெப்பமும் அதனோடு கூடி, அவர்மேல் வீசுகின்றது. இதனை உணர்ந்து, வேண்டும் பொழுது வேண்டும் அளவே இக்கருவியை ஆள்வோமாக. நமது குளிர்ச்சி பிறர்க்கு வெம்மையும் தீங்கும் ஆகாதிருத்தலே கற்றறிந்தார்க்கு அழகு.