'ட்ரெஸ்டன்' பார்க்க உட்காருமுன்

ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி 2006 மார்ச்சில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பிய 'ட்ரெஸ்டன்' படத்தைப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் பாருங்கள், காதலுக்காக மட்டும் பார்க்காதீர்கள். மூன்று மணி நேரம் ஓடும் படத்தில் சலிப்புத் தட்டுவது அந்தக் காதல்தான்.

போர்க்கால ட்ரெஸ்டன் நகரில் அன்னா ஒரு நர்ஸ். அப்பா அதே மருத்துவமனையின் தலைமை மருத்துவர். அங்கே வேலை பார்க்கும் டாக்டர் அலெக்சாண்டரை அவள் கட்டிக்கொள்ளப் போகிறாள். சுட்டு வீழ்த்தப்பட்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானி ராபர்ட், காயத்தோடு மருத்துவமனையின் நிலவறையில் ஒளிந்திருக்கிறான். அவன் அம்மா ஜெர்மன்காரர் என்பதால் மொழிப் பிரச்சினையும் இல்லை. இனி என்ன நடக்கும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். நிச்சயதார்த்த விருந்துக்கே வந்து நிற்கிறான் அந்த ஆள்!

இந்த மாதிரிப் படம் எதைப் பார்த்தாலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாட்டிக்கொண்டால் இவர்களுக்கு என்ன ஆகும், அந்தப் பயம் முகத்தில் தெரிகிறதா? போர்க்கைதியோடு பழகுவதைக் குற்றமாக்கும் ஆணையை நாஜி அரசு 1939 நவம்பரிலேயே போட்டுவிட்டது. அப்படிப் பழகிய பெண்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். சிலரை மொட்டையடித்துத் தெருவில் நிறுத்தினார்கள். 1944 மே மாதம் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபெல்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, கையில் சிக்கிய நேசநாட்டு விமானிகளை ஊர்மக்களே அடித்துக் கொல்வதும் கூடியது. அப்படிப்பட்ட ஊரில் இந்த ஜோடி, பெரியவர்கள் அசந்த நேரம் பார்த்துச் சந்திக்கும் கல்லூரிக் காதலர்கள்போல நடந்துகொள்கிறது. காரணம் புரியாமல் இல்லை. பிரிட்டனும் ஜெர்மனியும் சமாதானமாகிவிட்டன என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு ஆண், ஒரு பெண். 2005 அக்டோபரில் மறுபடி திறக்கப்பட்ட ஃப்ராவன்கிர்ஹே தேவாலயத்தில் போய் முடிகிறது படம்.

நேரமில்லை என்றால் முதல் பாகத்தை ஓட்டிவிடுங்கள். இரண்டாம் பாகத்தில், ட்ரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்த 1945 பிப்ரவரி 13 இரவு வருகிறது. செலவழித்த பணம் அங்கேதான் தெரிகிறது. ஒரு விஷயம் தெரிந்துகொண்டு பார்த்தால் காட்சிகள் இன்னும் புரியும். அந்த ஊரில் பொதுமக்களுக்கு முறையான பதுங்குகுழிகள் கிடையாது. வீட்டு நிலவறைகளுக்கு இடையே இருந்த சுவர்களில் தப்பிக்க வழி வைத்திருந்தார்கள். தீ பிடித்ததும் புகையும் அதே வழியாகப் பரவியது. எத்தனையோ பேர் மேலே தீக்காயம் ஒன்றும் இல்லாமல் கீழே மூச்சடைத்துச் செத்தார்கள். முதல் தாக்குதல் முடிந்து சுமார் மூன்று மணி நேரத்தில், மீட்புப் பணியில் ஆட்கள் வெளியே இருந்தபோது, இரண்டாவது அலை வந்தது. படம் பார்த்த கையோடு இணையத்தில் தேடினால் இரண்டு லட்சம் பேர் செத்ததாகச் சிலர் எழுதியிருப்பார்கள். அது நாஜிப் பிரசாரம் கிளப்பிவிட்ட கணக்கு. நகரம் அமைத்த வரலாற்றாய்வாளர் குழு 2010-ல் சொன்னது அதிகபட்சம் 25,000.

படத்தின் ஓரத்தில் இன்னொரு ஜோடி வருகிறது: யூதரான சைமன் கோல்ட்பெர்க்கும் யூதரல்லாத அவர் மனைவியும். கண்ணை அவர்கள்மேல் வையுங்கள். நாடுகடத்தல் உத்தரவுகளை மற்ற யூதர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சைமன் தலையில் விழுகிறது. இது கற்பனையில் மட்டும் நடந்தது அல்ல. யூதரான ட்ரெஸ்டன் பேராசிரியர் விக்டர் க்ளெம்பரர் அந்த பிப்ரவரி 13 பகலில் அப்படித்தான் கடிதம் கொடுக்கப் போனார். மனைவி ஏவா யூதரல்ல என்பதால்தான் அதுவரை உயிரோடு விடப்பட்டிருந்தார். ராத்திரி குண்டு விழுந்தது. நெருப்பில் இருவரும் பிரிந்துபோய், எல்பே நதிக்கரையில் உள்ள ப்ரூல் டெரஸில் மறுபடி சந்தித்தார்கள். இடையில், ஏவாவுக்கு சிகரெட் பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லை. தரையில் ஏதோ கனன்றுகொண்டிருக்க, அதில் பற்றவைக்கலாம் என்று குனிந்தால், அது எரியும் பிணம். பிறகு க்ளெம்பரரின் கோட்டில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பேனாக்கத்தியால் வெட்டி எடுத்தது ஏவாதான். கல்யாணமாகி அப்போது 38 வருஷம். நடந்த காதல் கதை கையிலேயே இருக்க, பத்து மில்லியன் யூரோ போட்டு வேறொன்றை ஜோடித்தவர்களை என்ன சொல்வது!

காதலும் வேண்டும், ஏமாறவும் கூடாது என்பவர்களுக்கு 1999-ல் வந்த 'எய்மே அண்ட் யாகுவார்' திரைப்படத்தைச் சொல்வேன். நாஜிச் சிப்பாயின் மனைவி, நாலு பிள்ளைகளின் தாய், லில்லி வுஸ்ட். அவர் காதலித்தது ஃபெலீசே என்ற யூதப் பெண்ணை. உண்மைக் கதை. பயம் அங்கே ஒவ்வொரு கதவுத் தட்டலிலும் இருக்கிறது. 2003-ன் 'ரோசன்ஷ்ட்ராஸ'வும் பார்க்கலாம், யூதக் கணவர்களுக்காக பெர்லின் தெருவில் நின்ற மனைவிகளின் கதை. ஆனால் கொஞ்சம் இழுவை.

எதைப் பார்த்தாலும் டப்பிங் வேண்டாம், ஜெர்மன் ஒலியும் சப்டைட்டிலும் போதும். க்ளெம்பரர் டைரி ஆங்கிலத்தில் கிடைக்கிறது. நாஜிக் காலப் பகுதியே ஆயிரம் பக்கத்துக்குக் குறையாது என்று மலைக்க வேண்டாம். அந்த இரவைப் பற்றி 1945 பிப்ரவரி 22-24 என்று தேதியிட்ட பதிவை முதலில் புரட்டுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம்.