நாலு வருஷப் பட்டாளம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடியுமுன் எழுந்து கண்மாய்க் கரையில் ஓடுகிறாய் என்றும், ராணுவ ஆள்சேர்ப்புத் தேர்வில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் அதற்குரிய 60 மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம். ஓட்டத்தைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதன் பிறகு நீ கையெழுத்திடப் போகும் காகிதத்தைப் பற்றித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. பட்டாள ஊழியத்துக்கு முன்பெல்லாம் என்ன கிடைத்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நம் புதுக்கோட்டைச் சீமையில், கூப்பிட்ட நேரத்தில் ஆயுதத்தோடு வந்து நிற்கக் கடமைப்பட்டவர்களுக்குத் தொண்டைமான் மன்னர்கள் அமரம் என்ற பெயரால் நிலம் விட்டிருந்தார்கள். ஊழியம் உள்ளவரை அந்த நிலம் அவர்கள் ஜீவனத்துக்கு ஆதாரம். ஹைதர் அலி காலத்துச் சண்டைகளும் பாளையக்காரர் போர்களும் ஓய்ந்து, கும்பினியாரின் ஆதிக்கம் ஸ்திரப்பட்ட பின்பு அந்தப் படைக்கு அவசியம் குறைந்தது. சேஷையா சாஸ்திரியார் திவானாக இருந்த காலத்தில், 1888இல் நடந்த இனாம் செட்டில்மெண்ட் நிலத்தையும் ஊழியத்தையும் பிரித்துவிட்டது. சமஸ்தானமே 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணைந்தது.

குடியரசின் ராணுவம் நிலத்துக்குப் பதில் பென்ஷன் கொடுத்தது. பதினைந்து வருஷம் சேவை செய்து திரும்பிய ஜவானுக்கு ஆயுள் உள்ளவரை மாதாமாதம் பணம். அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப பென்ஷன். மழை பொய்த்து மானாவாரிக் கடலை கருகிப்போன வருஷத்திலும், மளிகைக் கடைக்காரர் யோசியாமல் கணக்கில் எழுதிக்கொள்ளும் வீடு பட்டாளத்துக்காரர் வீடுதான் என்பதை நீயே பார்த்திருப்பாய். கிராமத்தில் அந்த உத்தியோகத்துக்கு இருந்த மதிப்பில், தேசபக்திக்கு உரிய பங்கைக் குறைக்காமலே சொல்கிறேன், பென்ஷனுக்கும் பெரும் பங்குண்டு.

2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டது. பதினேழரை முதல் இருபத்தொரு வயதுக்குள் எடுத்து, நாலு வருஷம் வைத்திருந்து, நாலில் ஒரு பங்குக்கு மிகாமல் நிரந்தரமாக்கி, மற்றவர்களை அனுப்பிவிடுவது என்பது அறிவித்தபோது அதன் சாரம். முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய்; அதில் 9,000 சேவா நிதி என்னும் சேமிப்புக்குப் போக, கைக்கு வருவது 21,000. நாலாவது வருஷச் சம்பளம் 40,000. சர்க்கார் தன் பங்கையும் வட்டியையும் சேர்த்து, வெளியேறும்போது சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் தரும். அதன்பின் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, மிலிட்டரி கேன்டீன் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் என்னை உறுத்துகிறது.

சர்க்காரிடம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022-23ஆம் வருஷப் பாதுகாப்பு பட்ஜெட் சுமார் 5 லட்சத்து 25 ஆயிரம் கோடி. அதில் பென்ஷனுக்கு மட்டும் ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் கோடி. சிப்பாய்களின் சராசரி வயது 32இலிருந்து 26ஆக இறங்கும் என்பதும் அவர்கள் வாதம். ஆனால் அந்தச் சிக்கனத்தின் பாரம் இருபத்திரண்டு வயதில் வீடு திரும்பும் பையன்மேல் இறங்குகிறதே என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

நமக்கு என்று சொன்னேன், உனக்கு அல்ல. அரசியல் சட்டத்தின் 33ஆவது விதியும் 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டமும், படையில் சேர்ந்தவன் அனுமதியின்றிச் சங்கம் சேர்வதையும் பத்திரிகைக்கு எழுதுவதையும் தடுக்கின்றன. அது சரியென்றே நினைக்கிறேன். 1958இல் ராணுவத் தளபதி அயூப் கான் ஆட்சியைப் பிடித்த பாகிஸ்தானின் சரித்திரம் கண்முன் இருக்கிறது. ஆகவே சிப்பாய்க்காகப் பேசவேண்டியவர்கள் பாராளுமன்றத்தாரும், அவர்களை அனுப்பிய வெளியிலிருக்கும் பிரஜைகளுமே. ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு 2015இல் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்கள் உடுப்பைக் கழற்றிவைத்த கிழவர்கள் என்பதைக் கவனித்தாயா?

போகாதே என்று நான் தடுக்கவில்லை. திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலக அறிவிப்பைக் கடைசிப் பக்கம்வரை படி. நாலு வருஷத்துக்குள் தபால் வழியாக ஒரு பட்டத்தை முடிக்க ஏற்பாடு செய்துகொள். உன் அம்மா, "ஆயுசுக்கும் பென்ஷன் வரும்" என்று பெண் வீட்டார் காதில் விழும்படி இப்போதே ஊரெங்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அவளை உட்காரவைத்து, கணக்கை நீயே எடுத்துச் சொல். நான் சொன்னால் தங்கை நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
உன் மாமா