தரநிலை எழுத உட்காரும் இளம் ஆசிரியர்களுக்கு

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் அறிவியலிலும் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதித் தரும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. மேல்நிலை வகுப்புகளிலேயே என் ஆசிரியப் பணி முழுவதும் கழிந்தது. அந்த உரிமையில் சில சொல்கிறேன்.

1. இந்தப் பொறுப்பு பள்ளிக்கு எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1978க்கு முன் பள்ளிப் படிப்பு 11 ஆண்டு. அதற்கு மேல் கல்லூரியில் பி.யு.சி. ஓர் ஆண்டு. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை ஆங்கில விரிவுரைக்குக் காது பழகியது அந்த ஓர் ஆண்டில்தான். கற்பித்தவரும் கல்லூரி ஆசிரியர், எதிர்பார்த்தவரும் அவரே. மேல்நிலைக் கல்வி வந்ததும் அந்த வேலை நம் கைக்கு மாறியது. ஆனால் நம் கவனத்தை மதிப்பெண் இழுத்துக்கொண்டது. பல பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, 12ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைத்தன. 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர நேர்ந்தது இதனால்தான். அப்படி விடுபட்டுப் போனதைத்தான் நீங்கள் இப்போது எழுத்தில் மீட்கப் போகிறீர்கள்.

2. கல்லூரி ஆசிரியர் இல்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2006இல் இதற்கென்று சட்டமே போட்டார்கள். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஒரே குழுவாக உட்கார்ந்து ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் நான்குக்கும் தரநிலை எழுதினார்கள்; 2008 ஜனவரியில் அது ஏற்கப்பட்டது. நீங்கள் அழைக்கும்போது துறைத் தலைவரோடு நிறுத்திக்கொள்ளாமல், முதலாண்டு வகுப்புக்குப் போகிறவரைக் கட்டாயம் அழையுங்கள். முதல் பருவத்து ஆய்வகக் கையேட்டையும், பெயர் மறைத்த சில விடைத்தாள்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது அந்தத் தாள்களில் இருக்கிறது.

3. பிள்ளை செய்துகாட்டக்கூடியதை எழுதுங்கள். ‘அளவீட்டுப் பிழைகளைப் புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. எல்லாரும் தேறிவிட்டதாகக் கணக்கு எழுதிவிடலாம். ‘ஒரு கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் ஐந்து இடங்களில் அளப்பார்; சுழிப்பிழையைத் திருத்துவார்; சராசரி காண்பார்; 0.01 மில்லிமீட்டருக்குக் கீழே தன் விடையை ஏன் நம்ப முடியாது என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுவார்’ என்று எழுதிப் பாருங்கள். எந்த ஊர் ஆசிரியரும் ஒரே மாதிரி மதிப்பிடலாம். அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ரெக்கார்டு நோட்டில் வகுப்பு முழுவதும் ஒரே விடை எழுதும் பழக்கம் ஒழிய வேண்டுமானால், தன் விடை எதிர்பார்த்ததிலிருந்து விலகியதற்குக் காரணம் சொல்லும் பிள்ளைக்கு நாம் மதிப்பெண் தர வேண்டும்.

4. ஆங்கிலத் தரநிலையை இயற்பியல் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது இதுதான். தமிழ் வழியில் படித்த பெண்ணுக்கு உந்தம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். கலைச்சொற்களின் ஆங்கிலப் பெயர்களை அவள் சில வாரங்களில் பிடித்துவிடுவாள். அவளை மலைக்க வைப்பது அந்தச் சொற்களுக்கு நடுவே ஓடும் வாக்கியம்: ஒரு நிபந்தனை, அதற்கு ஒரு விலக்கு, முன்பத்தியைச் சுட்டும் ஒரு சொல், எல்லாம் ஒரே மூச்சில். ஆங்கில ஆசிரியர் இதை அறிவியல் ஆசிரியரின் வேலை என்பார். அவர் இவரைக் காட்டுவார். பிள்ளை நடுவில் நிற்கும்.

ஆகவே இவற்றை ஆங்கிலத் தரநிலையிலேயே எழுதுங்கள்: முன்பின் பார்த்திராத ஓர் அறிவியல் பக்கத்தைப் படித்து அதன் வாதத்தை நான்கு வாக்கியத்தில் சொந்தமாகச் சொல்வது, பத்து நிமிட விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பது, புரியாத இடத்தை எழுந்து நின்று ஆங்கிலத்தில் கேட்பது. மனப்பாடக் கட்டுரைக்கு இங்கே இடமில்லை. கவிதைக்கும் கதைக்கும் உண்டு; ஒரு வரியை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று பிள்ளை அறியும் இடம் அது.

5. எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆசிரியர் நினைவில் வைத்திருக்க முடியாத பட்டியல் அலமாரிக்குத்தான் போகும்.

6. ஒவ்வொரு அறிவியல் தரநிலைக்குப் பக்கத்திலும் அதற்கு வேண்டிய கருவிகளை எழுதிவிடுங்கள். பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் முடிவுநிலை நெருங்கும்போது சொட்டுச் சொட்டாக விட்டு, மாறாத முதல் இளஞ்சிவப்பைக் கண்டு நிறுத்த வேண்டும். அந்தக் கை நிதானம் தானே செய்தால்தான் வரும். ஒரு பியூரெட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்க்கும் பள்ளியில் இந்தத் தரநிலையை மட்டும் எழுதிவைத்தால், கருவி தராதவரின் குறை பிள்ளையின் தலையில் விழும். இத்தனை பேருக்கு இத்தனை பியூரெட் என்பதும் தரநிலையில் ஒரு பகுதிதான்.

7. இதை வைத்தே இன்னொரு நுழைவுத் தேர்வு நடத்தலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். உடன்படாதீர்கள். பிள்ளைக்குப் பள்ளி எதைக் கொடுத்தாக வேண்டும் என்பதற்காக எழுதப்படும் பட்டியல் இது. வடிகட்டும் வேலைக்கு ஏற்கெனவே போதுமான தேர்வுகள் இருக்கின்றன.

8. வரைவு முடிந்ததும் சென்ற ஆண்டு பிளஸ் டூ முடித்து இப்போது முதலாண்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் அதில் பாதிப் பேராவது இருக்கட்டும். எது உங்களுக்குக் கைகொடுத்தது, எது இல்லாமல் திண்டாடினீர்கள் என்று வரிவரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அவர்கள் அடித்த வரிகளைக் குழுவில் வைத்துப் பேசிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். மறுபடி திருத்தும் ஆண்டையும் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.