மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை: கவனிக்க வேண்டியவை

எஸ்ட்ராடியால், புரோஜெஸ்டிரோன் ஆகியவை சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன்களின் அதே மூலக்கூறு அமைப்பில் மருந்தாகவும் கிடைக்கின்றன.

• மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

• கருப்பை உள்ளவர்கள் எஸ்ட்ராடியாலை மட்டும் எடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரக்கூடும். புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும்.

• எஸ்ட்ராடியால் ஜெல்லை மேற்கையிலோ தொடையிலோ தடவி, நன்றாக உலர்ந்தபின் ஆடையால் மூட வேண்டும். உள்ளங்கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

• வாய்வழி புரோஜெஸ்டிரோன் தூக்கம் வரவழைக்கும். இரவு படுக்கப்போகும்போது விழுங்குவது நல்லது.

• மருந்தகத்தில் தனியாகக் கலந்து தரும் ஹார்மோன் மருந்தில் அளவு கூடலாம், குறையலாம். அரசு அனுமதி பெற்ற மருந்தே பாதுகாப்பானது.

• எதிர்பாராத ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.